வாயில்லா ஜீவனின் தாகமறிந்த வேந்தர் ஷேர்ஷா

கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே செல்வோர் தியாகதுருகத்தில் அந்தக் கற்குன்றையும் அதன்மேல் சிதைந்து நிற்கும் கோட்டையையும் பார்த்திருப்பார்கள். 1760-ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் இக்கோட்டையை மைசூர் ஹைதர் அலியின் தளபதி மக்தூம் அலியிடம் ஒப்படைத்தனர். 1790-ல் ஷஹீத் திப்பு சுல்தானின் சேனை இதைத் தாக்கிற்று. உள்ளே இருந்த ஆங்கிலேயத் தளபதி ஃபிளின்ட் விட்டுக்கொடுக்காததால் சேனை திரும்பிச் சென்றது. வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சை மலை, நடுவே ஆத்தூர்க் கணவாய் என்று அமைந்த இந்த வழி, சேலம் சீமைக்கும் கடற்கரைச் சீமைக்கும் இடையே பழைய நாளில் பிரதான வாசலாக இருந்தது. குதிரைப்படைகள் இவ்வழியே போயிருக்கின்றன, வந்திருக்கின்றன.

சரித்திரம் எழுதியவர்கள் தளபதிகளின் பெயர்களையும் பீரங்கிகளின் தொகையையும் எழுதி வைத்தார்கள். அந்தக் குதிரைகள் எங்கே தண்ணீர் குடித்தன என்பதை எழுதியவர் அரிது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் சுமை தூக்கி ஓடினால் அதைப்போல் இரு மடங்கும் கேட்கும். ஆயிரம் குதிரை உள்ள படைக்கு அன்றாடம் நாற்பதாயிரம் லிட்டர்! கல்வராயன் மலையில் பிறந்து வரும் கோமுகியும் மணிமுக்தாவும், ஊருக்கு ஊர் நம் முன்னோர் வெட்டி வைத்த ஏரிகளும் இல்லாவிட்டால் எந்தப் படையும் இப்பக்கம் காலடி வைத்திருக்க முடியாது. அப்படியே வைத்தாலும், படை இறங்கிக் கலக்கிய ஏரியில் ஊராரின் ஆடு மாடுகளுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆக, படை நடத்திய மன்னர்களுக்குத் தண்ணீர் என்பது வழியில் கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. வழிப்போக்கனின் தாகத்தையும் அவன் ஏறி வந்த பிராணியின் தாகத்தையும் தீர்ப்பது அரசாங்கத்தின் வேலை என்று வகுத்து, அதற்கெனக் கிணறும் ஆளும் மானியமும் வைத்த முஸ்லிம் மன்னர் ஒருவர் இந்நாட்டில் இருந்தார். அவர்தாம் ஷேர்ஷா சூரி. பள்ளிக்கூடப் பாடத்தில் அவரைப் பற்றி நம் பிள்ளைகள் படிப்பது சாலை போட்டார், மரம் நட்டார் என்ற இரண்டு வரிகள் மட்டுமே. அவருடைய சரித்திரத்தை நம் இல்லங்களில் இன்னும் சற்று விரிவாகவே அறிந்திருக்க வேண்டுமென்பது நம் ஆசை.

ஷேர்ஷாவின் பாட்டனார் இப்ராஹீம் கான் சூர். பஹ்லூல் லோதி டில்லியை ஆண்ட காலத்தில் ஆப்கானிய மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி இந்தியா வந்தவர். அவர் குதிரை வியாபாரி என்று அக்பரின் அவைப் புலவர் அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். முகலாயருக்குப் பகைவரான குடும்பத்தைத் தாழ்த்திக் காட்டவே அவர் அப்படி எழுதினார் என்று நினைப்பவர்களும் உண்டு. குதிரை விற்பதில் தாழ்வு என்ன இருக்கிறதென்று நமக்கு விளங்கவில்லை. பின்னர் இப்ராஹீம் கானுக்கு நார்னோல் பகுதியில் சில கிராமங்கள் கிடைத்தன. நாற்பது குதிரை வீரர்களை வைத்துப் பராமரிக்க வேண்டுமென்பது நிபந்தனை. அவருடைய மகன் ஹசன் கான், பீஹாரில் சசாராம், கவாஸ்பூர் முதலிய பர்கனாக்களுக்கு ஜாகீர்தாரானார். அவருக்கு விதித்த கணக்கு ஐந்நூறு குதிரை வீரர்கள். நாற்பதிலிருந்து ஐந்நூறுக்கு உயர்ந்த அந்தக் குடும்பத்தின் அந்தஸ்தைக் குதிரைகளை எண்ணித்தான் அளந்தார்கள்.

ஹசன் கானின் மூத்த மகனுக்கு ஃபரீத் என்று பெயர். பிறந்த ஆண்டை 1472 என்றும் 1486 என்றும் இருவிதமாகச் சொல்வர். தகப்பனார் இளைய மனைவியின் பிள்ளைகள் பக்கம் சாய்ந்திருந்ததால் மனம் வெறுத்த ஃபரீத், வீட்டை விட்டு ஜவுன்பூர் சென்றார். கல்விக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே அரபியும் பார்ஸியும் கற்றார். ஷைகு ஸஅதியின் குலிஸ்தானும் போஸ்தானும் அவருக்கு மனப்பாடம். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகும் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவுக்குப் போவார்களாயின் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்துப்போகும்!

உறவினர் சமரசம் செய்து வைக்க, தகப்பனார் பர்கனாக்களின் நிர்வாகத்தை மகனிடம் கொடுத்தார். ஃபரீத் முதலில் செய்தது நிலத்தை அளந்து, விளைச்சலுக்குத் தக்கபடி வரியை நிர்ணயித்ததேயாகும். குடியானவன் வாழ்ந்தால்தான் ஜாகீர்தார் வாழ்வான் என்பதை அவர் அந்த வயதிலேயே புரிந்துகொண்டிருந்தார். அடங்காத சில ஜமீன்தார்களை அடக்க வேண்டிவந்தபோது அவரிடம் போதிய குதிரைகள் இல்லை. இருநூறு சேணங்களைத் தயார் செய்யச் சொல்லி, கிராமத் தலைவர்களிடமிருந்து குதிரைகளை இரவல் வாங்கிக் காரியத்தை முடித்தார். குதிரை ஒருவனுக்கு எத்தனை அருமையான பொருள், அதை இன்னொருவன் நம்பிக் கொடுக்கிறான் என்றால் அதன் பொறுப்பு எவ்வளவு என்பதையெல்லாம் அவர் அப்போது நேரில் கண்டிருப்பார்.

பிறகு மீண்டும் குடும்பப் பூசல், மீண்டும் வெளியேற்றம், பல எஜமானர்களிடம் சேவகம். பீஹாரை ஆண்ட பஹார் கான் லோஹானியிடம் இருந்தபோது, வேட்டையில் புலியொன்றைத் தனியே எதிர்த்துக் கொன்றமைக்காக ஷேர் கான் என்ற பட்டம் பெற்றார். சிறிது காலம் பாபரின் பாசறையிலும் இருந்தார். அதன்பின் சுனார் கோட்டை, ரோத்தாஸ்கட் கோட்டை, வங்காளம் என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. போர்களின் விவரங்களை நாம் இங்கே நீட்ட விரும்பவில்லை.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் விட மனமில்லை. 1539 ஜூன் 26-ல் சவுஸா என்ற இடத்தில், கங்கைக் கரையில், ஷேர்கானின் படை பாதுஷா ஹுமாயூனின் படையை விடியற்காலையில் வளைத்துக்கொண்டது. ஹுமாயூன் உயிர் தப்பக் குதிரையோடு கங்கையில் இறங்கினார். மூழ்கப் போனவரைக் காப்பாற்றியவர் நிஸாம் என்ற பிஹிஷ்தி. தோல் துருத்தியில் தண்ணீர் சுமந்து மனிதருக்கும் பிராணிகளுக்கும் ஊற்றிப் பிழைக்கும் ஏழை அவர். அந்தத் துருத்தியில் காற்றடைத்து மிதக்கவிட்டுப் பாதுஷாவைக் கரை சேர்த்தார். நன்றி மறவாத ஹுமாயூன் பின்னர் அந்தத் தண்ணீர்க்காரரைச் சிறிது நேரம் தம் சிங்காதனத்தில் அமர்த்தினார். ஆனாலும் அடுத்த ஆண்டு, 1540 மே 17-ல் கன்னோஜிக்கருகே நடந்த போரில் ஹுமாயூன் மீண்டும் தோற்று நாட்டைவிட்டே போனார். ஷேர்கான், ஷேர்ஷாவாக அரியணை ஏறினார்.

அல்லாஹ் அவருக்கு அளித்த ஆட்சிக்காலம் ஐந்தே ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் செய்தவற்றுள் நமக்கு இங்கே முக்கியமானது சாலைகளும் ஸராய்களும்.

வங்காளத்தின் ஸோனார்காவ்ன் முதல் சிந்து நதி வரை ஒரு பெருஞ்சாலை. ஆக்ராவிலிருந்து புர்ஹான்பூருக்கு ஒன்று, ஜோத்பூர், சித்தூர் பக்கம் ஒன்று, லாகூரிலிருந்து முல்தானுக்கு ஒன்று. இவற்றில் சில அவருக்கு முன்பே இருந்த பழைய தடங்கள்தாம். அவற்றைச் செப்பனிட்டு இருபுறமும் நிழல் மரங்களும் கனி மரங்களும் வைத்தார். இரண்டு கோஸுக்கு ஒன்றாக, அதாவது நம் கணக்கில் ஆறு, ஏழு கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஸராய் என்னும் சத்திரங்களைக் கட்டினார். மொத்தம் 1,700 ஸராய்கள் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய அப்பாஸ் கான் ஸர்வானி கூறுகிறார். ஸர்வானி, ஷேர்ஷா காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து அக்பரின் ஆட்சியில் எழுதியவர், ஆப்கானியர், ஷேர்ஷாவிடம் அபிமானம் உள்ளவர். ஆகையால் தொகையில் சற்று மிகை இருக்கலாம். பாதியென்று வைத்துக்கொண்டாலும் அது சிறிய காரியமா?

ஒவ்வொரு ஸராயின் நடுவிலும் ஒரு கிணறு, செங்கல்லால் கட்டிய ஒரு பள்ளிவாசல். பள்ளிக்கு இமாமும் முஅத்தினும். ஸராயைக் கவனிக்க ஓர் அதிகாரியும் காவலர்களும். இவர்கள் அனைவரின் செலவுக்கும் அருகிலேயே நிலமானியம். வாசலில் வழிப்போக்கருக்குக் குடிநீர்ப் பானைகள். முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் தனித்தனி இருப்பிடங்கள். ஹிந்துப் பயணிகளுக்குச் சமைக்கவும், குளிக்க வெந்நீரும் குடிக்கக் குளிர்ந்த நீரும் தரவும், படுக்கை கொடுக்கவும் பிராமணர்களை நியமித்தார். அவரவர் குதிரைக்குத் தானியம் அளப்பதும் அந்தப் பணியிலேயே அடங்கியிருந்தது. வந்தவன் யார், எந்த மதத்தவன் என்று பார்த்து அதற்கேற்ற ஏற்பாடு செய்தவர், அவன் ஏறி வந்த குதிரையை மறக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இவை தவிர, ஒவ்வொரு ஸராயிலும் தபாலுக்கென இரண்டு குதிரைகள் நின்றன. ஆகமொத்தம் 3,400 குதிரைகள். ஒரு குதிரை ஆறேழு கிலோமீட்டர் ஓடும், அடுத்த ஸராயில் இளைப்பாறும், செய்தி வேறு குதிரையின்மேல் தொடர்ந்து போகும். வங்காளத்துச் செய்தியும் சிந்துக்கரைச் செய்தியும் அன்றாடம் பாதுஷாவை வந்தடைந்தன. இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் தூரத்தில் இருக்கிறது. பிராணி களைத்து நாக்கு வறளும் முன்பே நிழலும் கிணறும் எதிர்ப்படும்படி தூரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். குதிரை வாந்தியெடுக்க இயலாத பிராணி. தண்ணீர் குறைந்தால் தின்ற தீவனம் குடலில் இறுகி, வயிற்றுவலி கண்டு, உயிருக்கே ஆபத்தாகும். நம் ஊர்களில் ஜட்கா ஓட்டிப் பிழைத்த குடும்பங்களில் இதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டிக் கொள்ளு வைக்காமல் தாம் சோற்றில் கை வைக்காத பெரியவர்களைப் பற்றி நாமும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

ஷேர்ஷா ஜவுன்பூரில் ஓதிய மார்க்கக் கல்வி இதில் அவருக்கு வழிகாட்டியிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். பிராணியின் தாகத்தைப் பற்றி நம் மார்க்கம் சொல்லியிருப்பது கொஞ்சமல்ல. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் தண்ணீர் மொண்டு புகட்டியவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்த வரலாற்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தபோது, பிராணிகள் விஷயத்திலுமா நமக்கு நற்கூலி என்று தோழர்கள் வியந்து கேட்டனர். உயிருள்ள எதற்கு நன்மை செய்தாலும் கூலி உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த ஹதீஸ். குதிரையைப் பற்றித் தனியே ஒரு ஹதீஸ் உண்டு. அதை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அல்லாஹ்வுக்காக ஒருவன் கட்டி வளர்க்கும் குதிரை, போகும் வழியில் ஓர் ஆற்றில் வாய் வைத்துக் குடித்தால், தண்ணீர் காட்ட வேண்டுமென்று அவன் நினைத்திராவிட்டாலும் அது அவனுடைய நன்மைக் கணக்கில் ஏறுகிறது. பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் குதிரை வைத்திருப்பவனுக்கோ அது பாவச்சுமை. நினையாமல் நடந்ததற்கே இவ்வளவு என்றால், நினைத்துக் கிணறு வெட்டி வைத்தவனுக்கு எவ்வளவு!

ஃபிக்ஹு நூல்களைப் பார்த்தால் இது வெறும் புண்ணியமாக நின்றுவிடவில்லை, கடமையாகவே வருகிறது. பிராணியை வைத்திருப்பவன் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்தே ஆகவேண்டும். கொடாதவனை அவ்வாறு கொடுக்கவோ, அதை விற்றுவிடவோ காழி நிர்ப்பந்திக்கலாம் என்பது ஷாபிஈ மத்ஹப். ஹனபி இமாம்களும் அதை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய கடமையாகவே வைத்தார்கள். பிரயாணத்தில் ஒருவரிடம் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் தம் பிராணியின் தாகத்துக்குத் தேவைப்படுமானால், அதை உளூவுக்குச் செலவிடாமல் பிராணிக்கு வைத்துக்கொண்டு தயம்மும் செய்து தொழலாம் என்பதை இரு மத்ஹபினரும் ஏற்கின்றனர். தொழுகைக்கான தண்ணீரே குதிரையின் தாகத்துக்கு வழிவிடுகிறது! தன் தேவைக்கு மிஞ்சிய கிணற்று நீரைப் பிறருடைய கால்நடைக்கு மறுப்பதும் நம் நூல்களில் கண்டிக்கப்பட்டிருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒன்று நம் மனத்தை உறுத்துகிறது. சில ஊர்களில் நிக்காஹ் அன்று மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் விடும் வழக்கம் இருக்கிறது. அந்த ஊர்வலம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்தை ஆலிம்கள் பார்த்துக்கொள்ளட்டும். வாடகைக்கு வந்த அந்தக் குதிரை தாளச் சத்தத்திலும் வேட்டுச் சத்தத்திலும் மணிக்கணக்காக நிற்கிறது. வந்தவர்க்கெல்லாம் சர்பத் கிடைக்கிறது. குதிரைக்கு ஒரு வாளித் தண்ணீர் வைத்தார்களா? குதிரைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டார் நினைக்கிறார்கள், கலியாண வீட்டில் கொடுப்பார்கள் என்று குதிரைக்காரர் நினைக்கிறார். கடிவாளத்தைத் தளர்த்தி, வியர்த்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை குடிக்கவிட ஐந்து நிமிடம் போதும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்மக்கள் பந்தல் ஏற்பாட்டோடு இதையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம். பள்ளிவாசலுக்கு வெளியே ஆடு, மாடு, குதிரைக்கென ஒரு தொட்டி கட்ட முன்வரும் ஜமாஅத்தாருக்கு ஒரு வார்த்தை. உளூவுக்கென வக்ஃபு செய்யப்பட்ட ஹவுளின் தண்ணீரை அதற்குத் திருப்பிவிடலாமா என்பது வக்ஃபு செய்தவரின் நிபந்தனையைப் பொறுத்தது. ஆகையால் தொட்டிக்கெனத் தனி நிய்யத்தோடு, தனிக் குழாய் வைப்பதே பேணுதல். உள்ளூர் ஆலிமிடம் கேட்டுச் செய்க.

ஷேர்ஷாவின் சரித்திரத்துக்குத் திரும்புவோம். படை செல்லும் வழியில் பயிர் அழியக்கூடாதென்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். வயல்களைக் காக்க வழிநெடுகக் குதிரை வீரர்களை நிறுத்துவார். மாளவப் பயணத்தில் பச்சைக் கடலைப் பயிரைப் பிடுங்கிய ஓர் ஒட்டகக்காரனைப் படை முழுதும் பார்க்கக் கடுமையாகத் தண்டித்தார். அதிகாரிகள் இரவல் குதிரையைக் காட்டிச் சம்பளம் வாங்கும் மோசடியைத் தடுக்க, அலாவுத்தீன் கில்ஜி காலத்துச் சூட்டுக்குறி முறையை மீண்டும் கொண்டுவந்தார். குதிரைப் பட்டியலையும் ஆள் பட்டியலையும் தாமே உட்கார்ந்து சரிபார்ப்பாராம். இளமையில் இரவல் குதிரையால் வென்றவரை இரவல் குதிரை காட்டி யார் ஏமாற்ற முடியும்? வெள்ளி ரூபாயை ஒழுங்கான எடையில் அச்சிட்டவரும் இவரே. ஜீலம் நதிப் பக்கம் 1541-ல் தொடங்கிய ரோத்தாஸ் கோட்டைக்குள்ளும் பாறையைக் குடைந்து படிக்கிணறுகள் இறக்கினார். கோட்டை இன்று பாகிஸ்தானில் இருக்கிறது, கிணறுகளும் இருக்கின்றன.

குறையில்லாத மன்னர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. 1543-ல் ரைசீன் கோட்டையிலிருந்த பூரன்மல்லுக்கு உயிர்ப் பாதுகாப்பு வாக்களித்து, அவர் வெளியே வந்தபின் அவரையும் அவருடைய ஆட்களையும் தாக்கியது அவர்மீது படிந்த கறை. மார்க்கத் தீர்ப்பு கேட்டுத்தான் செய்தார் என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. வாக்கு வாக்குத்தான். பிராணியின் தாகமறிந்தவர் அந்த இடத்தில் தவறினார்.

1544-ன் கடைசியில் காலிஞ்சர் கோட்டையை முற்றுகையிட்டார். 1545 மே 22. கோட்டைச் சுவரில் மோதித் திரும்பிய வெடியொன்று வெடிமருந்துக் குவியலில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பாதுஷா தீயில் வெந்தார். கூடாரத்தில் கிடத்தினார்கள். அந்த நிலையிலும் முற்றுகையைத் தொடரச் சொன்னார். கோட்டை பிடிபட்ட செய்தியைக் கேட்டபின் அவர் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். தீயால் இறந்தார் என்ற பொருள்தரும் பார்ஸிச் சொற்களை அப்ஜத் கணக்கில் கூட்டினால் ஹிஜ்ரி 952 வரும், அதுவே அவர் மறைந்த ஆண்டு.

முதலில் காலிஞ்சருக்கு அருகிலேயே அடக்கம் செய்து, பின்னர் சசாராமுக்குக் கொண்டு வந்தார்கள். தமக்கென அங்கே ஓர் அடக்கத்தலத்தை வாழ்நாளிலேயே கட்டத் தொடங்கியிருந்தார். அது நிலத்தின்மேல் இல்லை. வெட்டிய பெரிய குளமொன்றின் நடுவே, நாற்புறமும் தண்ணீர் சூழ, செம்மணற்கல்லில் எழுந்து நிற்கிறது. கரையிலிருந்து கல்பாதை வழியாகப் போய் ஸியாரத் செய்ய வேண்டும். அவருக்குப் பின் வந்த மகன் இஸ்லாம் ஷா அந்தக் கட்டடத்தை முடித்தார். தகப்பனார் கட்டிய இரண்டு ஸராய்களுக்கு நடுவே இன்னொரு ஸராய் கட்டும்படி உத்தரவிட்டவரும் அவரே. அதன்பின் அச்சாலையில் குதிரை ஒரு கோஸ் போனால் போதும், அடுத்த கிணறு வந்துவிடும்.